இல்லாதது தெரியுது, கேக்குது: மாத்திரையாலயா, நோயாலயா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர் பக்கம் ஒரு சின்ன ஊர்ல மெடிக்கல் ஷாப் வச்சிருக்கேன், 22 வருஷமா கவுன்டர்ல நிக்கிறேன். சுகர் மாத்திரை வாங்க வந்தவங்க மீதிச் சில்லறை வாங்கின பிறகும் போகாம நிப்பாங்க, பின்னாடி தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களான்னு ஒரு தடவை திரும்பிப் பாப்பாங்க, அப்புறம் குரலைத் தாழ்த்தி "ஒண்ணு கேக்கணும், வெளிய சொல்லிடாதீங்க"ன்னு ஆரம்பிப்பாங்க. முக்காவாசி கேள்வி ஒரே மாதிரிதான், அதனால எழுதி வச்சிட்டேன். நான் டாக்டர் இல்ல, பார்மசிஸ்ட். இதைப் படிச்சிட்டு யாரும் மாத்திரை அளவை மாத்தாதீங்க.

"ஹாலுசினேஷன்னு டாக்டர் சொன்னாரு, அப்படின்னா என்ன சார்?"

இருட்டுல கயிறு கிடக்கு, பாம்புன்னு நெனைச்சு அலர்றோம், அது எல்லாருக்கும் வர்ற கண் மயக்கம். கயிறே இல்லாத வெறுந்தரையில பாம்பு நெளியுதுன்னா அதுதான் ஹாலுசினேஷன். பாக்குறவங்களுக்கு அது நெஜமாவே தெரியும், நடிப்பு கிடையாது, அதனால "சும்மா ஒளறாதே"ன்னு அதட்டிப் பிரயோஜனம் இல்ல.

கண்ணுல மட்டும்தான் வரும்னு இல்ல. காதுல குரல் கேக்கலாம், மூக்குல இல்லாத வாசனை வரலாம், தோல்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்கலாம். எதுல வருதுங்கிறது டாக்டருக்கு ஒரு துப்பு, அதைக் கவனிச்சு வச்சுக்கோங்க.

"எங்கப்பாவுக்கு 71 வயசு, செவுத்தோரமா யாரோ நிக்கிறாங்கன்னு கையைக் காட்டுறாரு, பைத்தியம் பிடிச்சிருச்சா?"

இந்தக் கேள்விதான் அதிகம். ஸ்கிசோஃப்ரினியா மாதிரி மனநோய் பெரும்பாலும் பதினெட்டு இருபதுலேர்ந்து முப்பதுகளுக்குள்ள ஆரம்பிக்கும், அதுல முக்கியமா குரல்தான் கேக்கும். வாழ்க்கை பூரா நல்லா இருந்த மனுஷனுக்கு எழுபது வயசுல, அதுவும் திடீர்னு ரெண்டு மூணு நாள்ல, கண்ணுக்கு ஆள் தெரியுதுன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது உடம்பையும் அவர் முழுங்குற மாத்திரையையும். மனநல டாக்டர்கிட்ட போனாலும் அவரும் முதல்ல ரத்தம், மூத்திரம் டெஸ்ட்தான் எழுதுவாரு.

"சாதாரண சளி மாத்திரை இவ்வளவு வேலை பண்ணுமா?"

பண்ணும், எங்க வீட்லயே பண்ணிச்சு, குடுத்ததும் நான்தான். அம்மாவுக்கு அப்போ 74. சுகர்ல கால் எரிச்சலுக்கு அமிட்ரிப்டிலின், அடிக்கடி மூத்திரம் போறதுக்கு ஆக்ஸிபியூட்டினின், ரெண்டும் ஏற்கனவே ஓடிட்டு இருந்துச்சு. மூக்கு ஒழுகுதுன்னாங்க, நான் கடையிலேர்ந்து குளோர்ஃபெனிரமைன் கலந்த சளி மாத்திரை ஒரு அட்டை கொண்டுபோய் குடுத்தேன். மூணாவது நாள் ராத்திரி தட்டுல சோத்தைப் போட்டா சாப்பிடாம ஒவ்வொரு பருக்கையா எடுத்து ஓரமா வச்சிட்டு இருக்காங்க. என்னம்மான்னு கேட்டா "எறும்பு மொய்க்குதுடா, உனக்குக் கண்ணு தெரியலையா"ங்கிறாங்க. ஒரு எறும்பு இல்ல. நாக்கு வறண்டு மேலண்ணத்துல ஒட்டுது, காலையிலேர்ந்து மூத்திரம் சரியா போகல. அப்பத்தான் எனக்கு உறைச்சுது.

மூளையில அசிடைல்கோலின்னு ஒரு ரசாயனம் இருக்கு, ஞாபகத்துக்கும் கவனத்துக்கும் அது வேணும். நான் சொன்ன மூணு மாத்திரையும் அதைத் தடுக்கிற வகை. ஒண்ணொண்ணா பாத்தா ஒண்ணும் இல்ல, வயசான உடம்புல மூணும் சேர்ந்தா தாங்காது. இதே கூட்டத்துல புரோமெதசைன், டைஃபென்ஹைட்ரமைன், வயித்து வலிக்குக் குடுக்கிற டைசைக்ளோமின், கை நடுக்கத்துக்குக் குடுக்கிற டிரைஹெக்ஸிஃபெனிடில் எல்லாம் வரும். ஊமத்தங்காயைத் தின்னவங்க கண்மணி விரிஞ்சு, உடம்பு கொதிச்சு, காத்துல எதையோ பிடிக்கிற மாதிரி கையை ஆட்டிட்டே இருப்பாங்கன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அதுவும் இதே வேலைதான், அளவு தான் பயங்கரம். ஊமத்தை தின்னவங்களை ஒரு நிமிஷம் தாமதிக்காம ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க.

"வேற எந்தெந்த மருந்துக்கு இப்படி வரும்? லிஸ்ட் குடுங்களேன்."

முழு லிஸ்ட் குடுத்தா எந்த மாத்திரையையும் தொட மாட்டீங்க, நான் அடிக்கடி பாக்குறதைச் சொல்றேன். ஸ்டீராய்டு, அதாவது பிரெட்னிசோலோன் வகையறா, அளவு ஏற ஏற ஆபத்து ஏறும். 1972-ல அமெரிக்காவுல பாஸ்டன் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துல பாத்தாங்க, ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம் வரைக்கும் எடுத்தவங்கள்ல மனநலக் கோளாறு வந்தது 1.3 சதவீதம், 80 மில்லிகிராமுக்கு மேல எடுத்தவங்கள்ல 18.4 சதவீதம். தூக்கமே இல்லாம ஓயாம பேசுறது, காரணமில்லாம சந்தேகப்படுறதுன்னு ஆரம்பிச்சாலே டாக்டருக்குச் சொல்லிடணும், ஹாலுசினேஷன் வரைக்கும் காத்திருக்க வேணாம்.

அப்புறம் கை நடுங்கி உடம்பு இறுகுற பார்க்கின்சன் நோய்க்குக் குடுக்கிற லெவோடோபா, பிராமிபெக்ஸோல், அமான்டடின். வலிக்கு டிரமடால். தூக்கத்துக்கு ஸோல்பிடெம், இதைப் போட்டுட்டு படுக்காம டிவி பாத்துட்டு இருந்தா சிலருக்கு செவுரு அலை மாதிரி ஆடும். ஆன்டிபயாடிக்ல சிப்ரோஃப்ளாக்ஸசின், லெவோஃப்ளாக்ஸசின். வலிப்புக்கு லெவெடிராசிடம். சாதாரண மருந்துக்குக் கட்டுப்படாத டிபிக்குக் குடுக்கிற சைக்ளோசெரின் இதுல கொஞ்சம் பேர் போனது.

தனியா சொல்ல வேண்டியது கிட்னி சரியில்லாதவங்களுக்கு. அக்கி வந்தா குடுக்கிற அசைக்ளோவிர், தசைப்பிடிப்புக்குக் குடுக்கிற பேக்லோஃபென், ரெண்டும் கிட்னி வழியா வெளிய போகணும், போகலைன்னா ரத்தத்துல தேங்கி புத்தி தடுமாறும், இல்லாதது தெரியும். கிட்னி பிரச்சனை இருக்குன்னு ஒவ்வொரு டாக்டர்கிட்டயும் நீங்களாவே வாயைத் திறந்து சொல்லுங்க, பல்லு டாக்டர்கிட்ட கூட.

"அப்போ மாத்திரையை இன்னிக்கே நிறுத்திடட்டா?"

நிறுத்தாதீங்க! நீங்களா கடையில வாங்கின சளி மாத்திரை, தூக்க சிரப்புன்னா அடுத்த வேளையைப் போடாம டாக்டரைக் கேளுங்க, அது வேற. டாக்டர் எழுதினதைத் திடீர்னு விட்டா சிலது அதைவிடப் பெரிய வம்புல கொண்டுபோய் விடும். ரொம்ப நாள் எடுத்த ஸ்டீராய்டை நிறுத்தினா பிரஷர் இறங்கி ஆளே சாஞ்சிடலாம், வலிப்பு மாத்திரையை விட்டா வலிப்பு, லெவோடோபாவை விட்டா உடம்பு மரக்கட்டை மாதிரி இறுகிடும். அல்பிரசோலம் (படபடப்புக்கும் தூக்கத்துக்கும் குடுக்கிறது), பேக்லோஃபென் இந்த ரெண்டும் இன்னும் விசேஷம், சட்டுனு நிறுத்தினதாலயே ஹாலுசினேஷன் வரலாம். போன் போட்டு டாக்டரைக் கேளுங்க, அன்னிக்கே.

"பையனுக்கு அஞ்சு வயசு, ஜுரத்துல 'பூனை வருது பூனை வருது'ன்னு அலர்றான்."

நம்ம பாட்டிங்க ஜன்னின்னு சொன்னது இதுதான். காய்ச்சல் ஏறுறப்ப சில குழந்தைங்க தூக்கக் கலக்கத்துல எதையோ பாத்து பயப்படுவாங்க, ஜுரம் இறங்கி முழிச்சதும் ஒண்ணும் நடக்காத மாதிரி பிஸ்கட் கேப்பாங்க. அது பொதுவா பயப்பட வேண்டியது இல்ல. கழுத்து வளையல, வலிப்பு வந்துச்சு, எழுப்பினா சரியா முழிக்கல, ஜுரம் இறங்கியும் ஒளறல் நிக்கலைன்னா மூளைக்காய்ச்சலா இருக்கலாம், ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் கிளம்புங்க.

குழந்தைங்களுக்கு மருந்தும் காரணமாகும். சளி சிரப்பை மூடியில குத்துமதிப்பா ஊத்துறது, அடுத்து கண் டெஸ்டுக்காக விடற அட்ரோபின், சைக்ளோபென்டோலேட் சொட்டு மருந்து, கண்ணுலதானே விடறோம்னு நெனைப்போம், அது மூக்கு வழியா உள்ள இறங்கும். வீசிங்குக்குக் குடுக்கிற மான்டெலுகாஸ்ட்டுக்கு 2020-ல அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ரொம்பக் கடுமையான எச்சரிக்கை போட்டாங்க, கெட்ட கனவு, எரிச்சல், ஹாலுசினேஷன்னு. எல்லாக் குழந்தைக்கும் வராது, ஆனா மாத்திரை ஆரம்பிச்ச பிறகு பையன் குணமே மாறிட்டான்னு அம்மா சொன்னா அதை டாக்டர் காதுல போடுங்க.

"இடுப்பு எலும்பு ஆபரேஷன் நல்லா முடிஞ்சுது, ஆனா ஐசியூல மாமா எங்களையே அடையாளம் தெரியாம ட்யூப்பைப் பிடுங்குறாரு. மயக்க மருந்து மூளையைக் கெடுத்துருச்சா?"

இதுக்கு டிலீரியம்னு பேரு, வயசானவங்க ஆஸ்பத்திரியில படுத்தா ரொம்ப சகஜம். காரணம் ஒண்ணா இருக்காது. ஆபரேஷன், வலி, வலி மருந்து, தூக்கமின்மை, ரத்தத்துல சோடியம் குறைஞ்சது, மூத்திரத்துல இன்ஃபெக்ஷன், நாலு நாளா வெளிக்கிப் போகாதது, கண்ணாடியும் காது மெஷினும் வீட்லயே கிடக்கிறது, எல்லாம் சேர்ந்து தள்ளும். மலச்சிக்கலாலயா புத்தி மாறும்னு சிரிப்பீங்க, வயசானவங்களுக்கு மாறும்.

அடையாளம் என்னன்னா ஏறி இறங்கும். காலையில டாக்டர் ரவுண்ட்ஸ் வர்றப்ப "நல்லா இருக்கேன் சார்"ம்பாரு, சாயந்தரம் விளக்கு போட்டதும் ஆரம்பிச்சிடும். கிழமையைப் பின்னாலேர்ந்து சொல்லச் சொல்லுங்க, சனி, வெள்ளி, வியாழன்னு, பாதியில தொலைஞ்சு போயிடுவாரு. சில பேரு சத்தமே போடாம சுருண்டு படுத்து தூங்கிட்டே இருப்பாங்க, அதுவும் இதே டிலீரியம்தான், அமைதியா இருக்காருன்னு யாரும் கவனிக்கவே மாட்டாங்க.

காரணத்தைச் சரி பண்ணா பெரும்பாலும் தெளிஞ்சிடும், சிலருக்கு நாள் கணக்கு, சிலருக்கு வாரக் கணக்கு. நீங்க செய்ய வேண்டியது கண்ணாடியை மாட்டி விடறது, கண்ணுல படற இடத்துல கடிகாரம், பகல்ல வெளிச்சம், ராத்திரி கூட தெரிஞ்ச முகம் ஒண்ணு. வர்றவங்க போறவங்க எல்லாம் கும்பலா நின்னு "என்னை யாருன்னு சொல்லு பாப்போம்"னு பரீட்சை வைக்காதீங்க.

"மாமியார் காத்துக் கருப்புன்னு சொல்றாங்க, மந்திரிச்சு கயிறு கட்டினோம், காலையில தெளிஞ்சிட்டாரே?"

மேல சொன்ன ஏறி இறங்குற சமாச்சாரம்தான். டிலீரியம் காலையில தானாவே தெளியும், பேரு கயித்துக்குப் போயிடும், ராத்திரி மறுபடி வர்றப்ப "இன்னும் பெரிய ஆளா பாக்கணும்"னு வேற ஊருக்கு வண்டி எடுப்பாங்க. இப்படி நாலு நாள் போச்சுன்னா மூத்திர இன்ஃபெக்ஷன் இருந்தா ரத்தத்துல ஏறிடலாம். கயிறு கட்டினது கட்டினதா இருக்கட்டும், அதே நாள் ரத்த டெஸ்டும் எடுங்க. எந்தச் சாமியும் கோவிச்சுக்காது.

"எங்க வீட்டுக்காரர் குடியை விட்டுட்டாரு, சந்தோஷப்பட்டோம், மூணாம் நாள் போர்வையில பூச்சி பொறுக்குறாரு."

அக்கா, இதைப் படிச்சிட்டு இருக்காம 108-க்கு போன் போடுங்க. தினம் நெறைய குடிச்ச உடம்பு திடீர்னு நிறுத்தினா முதல் நாளே கை நடுங்கும், வேர்க்கும், சிலருக்கு ஒரு நாளுக்குள்ள குரல் கேக்கும், ரெண்டு நாளுக்குள்ள வலிப்பு வரலாம். ரெண்டாம் நாள்லேர்ந்து நாலாம் நாளுக்குள்ள வர்றதுதான் டெலீரியம் ட்ரெமென்ஸ், பூச்சி, எலி, குட்டிக் குட்டி உருவம் தெரியும், ஜுரம் அடிக்கும், நெஞ்சு படபடக்கும். கவனிக்காம விட்டா உயிர் போயிடும்.

"ஒரு கட்டிங் குடுத்தா அடங்கிடும்"னு கூட்டாளிங்க சொல்லுவாங்க, வேணாம். ஆஸ்பத்திரியில டயஸெபம் மாதிரி மருந்தை அளவா குடுத்து படிப்படியா குறைப்பாங்க, தயமின் ஊசி போடுவாங்க, அந்த வைட்டமின் இல்லாம போனா ஞாபக சக்தி நிரந்தரமா போகலாம். குடியை விடறது நல்லதுதான், ரொம்ப நாள் தினம் குடிச்சவங்க டாக்டர் மேற்பார்வையில விடணும்.

"பாட்டிக்குப் பார்வை மங்கல், ஆனா பட்டுப்பாவாடை கட்டின பொண்ணுங்க வரிசையா போறது தெரியுதாம். புத்தி தெளிவாத்தான் இருக்கு."

இது எனக்கு ரொம்பப் பிடிச்ச கேஸ். சார்லஸ் போனே சிண்ட்ரோம்னு பேரு. சுவிட்சர்லாந்து ஜெனீவாவுல சார்லஸ் போனேங்கிற ஒரு அறிஞர், அவரோட தாத்தாவுக்கு 89 வயசு, கண்புரையால பார்வை போயிட்டே இருந்துச்சு, அவருக்கு ஆளுங்க, பறவைங்க, வண்டிங்க, கட்டடம் எல்லாம் தெரிஞ்சுது. நெஜம் இல்லைன்னு அவருக்கே தெரியும். 1760-ல பேரன் அதை எழுதி வச்சாரு. கண்ணுலேர்ந்து படம் வர்றது குறைஞ்சதும் மூளை சும்மா இருக்காம தானே படம் போட்டுக்குது, அவ்வளவுதான். சத்தம் வராது, ஊமைப்படம்.

உங்க பாட்டி இத்தனை நாளா ஏன் சொல்லலைன்னு கேட்டுப் பாருங்க, "பைத்தியம்னு சொல்லிடுவீங்க"ம்பாங்க. கண் டாக்டர்கிட்ட காட்டுங்க, புரைன்னா ஆபரேஷன் பண்ணா குறையலாம். படம் வர்றப்ப லைட்டைப் போடறது, கண்ணை இந்தப்பக்கம் அந்தப்பக்கம் வேகமா ஆட்டறது சிலருக்கு உதவுது. காது கேக்காத சிலருக்கு இதே மாதிரி பாட்டு கேக்கும், பழைய பாட்டு, ஓயாம.

"அப்பாவுக்கு ஞாபக மறதி, நடையும் தளர்ந்துச்சு, வீட்டுக்குள்ள குழந்தைங்க விளையாடுதுங்கிறாரு. ராத்திரி அடங்க ஊசி போடச் சொல்லட்டா?"

இதுலதான் உஷார். மறதி, பார்க்கின்சன் மாதிரி இறுக்கம், தெளிவான உருவமா ஆளோ குழந்தையோ மிருகமோ தெரியறது, நாளுக்கு நாள் தெளிவு ஏறி இறங்குறது, இது நாலும் சேர்ந்தா லூயி பாடி டிமென்ஷியாங்கிற மறதி நோயா இருக்கலாம். இவங்களுக்கு ஹாலோபெரிடால் மாதிரி அடக்குற மருந்து ஆகவே ஆகாது, ஒரு டோஸ்லயே உடம்பு இறுகி, முழுங்க முடியாம, படுத்த படுக்கையா போனவங்க உண்டு. பார்க்கின்சன்காரங்களுக்கு வாந்தி மாத்திரை மெட்டோகுளோபிரமைட் கூட ஆகாது, அதை நாங்களே கவுன்டர்ல கேட்டுட்டுத்தான் குடுக்கணும்.

நரம்பு டாக்டர் முதல்ல இன்ஃபெக்ஷன் இருக்கான்னு பாப்பாரு, அப்புறம் இருக்கிற மாத்திரையை ஒண்ணொண்ணா குறைப்பாரு, தேவைன்னா ரிவாஸ்டிக்மின், ரொம்பக் குறைஞ்ச அளவுல க்யூடியாபின் மாதிரி யோசிப்பாரு. குழந்தைங்களைப் பாத்து அப்பா பயப்படாம சிரிச்சிட்டு இருந்தா, சில டாக்டருங்க எந்த மருந்தும் குடுக்காம விட்டுடுவாங்க.

"தூக்கத்துல அமுக்குவான் பேய் வந்து நெஞ்சு மேல உக்காருது, கண்ணைத் திறந்து பாக்குறேன், கை கால் அசையல."

கனவு காணுற தூக்கத்துல மூளை உடம்பைப் பூட்டி வைக்கும், இல்லைன்னா கனவுல ஓடறதை நெஜமாவே ஓடிடுவோம். முழிப்பு வந்தும் பூட்டு திறக்கலைன்னா இதுதான், கனவோட மிச்சம் ரூம்ல நிக்கும். ரெண்டு நிமிஷத்துல விட்டுடும். தூக்கம் கெட்டா, ஷிப்ட் மாறினா, மல்லாந்து படுத்தா அதிகம் வரும். பகல்லயும் அடக்க முடியாம தூக்கம் வந்து, சிரிச்சா முட்டி மடங்குதுன்னா மட்டும் நரம்பு டாக்டரைப் பாருங்க.

"அவர் போய் ரெண்டு மாசம் ஆச்சு தம்பி, சாயந்தரம் கேட்டைத் திறக்கிற சத்தம் கேக்குது, எனக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

இல்லம்மா. 1971-ல இங்கிலாந்து பக்கத்துல வேல்ஸ்ல ஒரு டாக்டர், துணையை இழந்த 293 பேர்கிட்ட கேட்டாரு, கிட்டத்தட்ட பாதிப்பேருக்கு இப்படி கூட இருக்கிற மாதிரியோ, பாத்த மாதிரியோ, குரல் கேட்ட மாதிரியோ இருந்திருக்கு. அதுல நெறைய பேர் யார்கிட்டயும் சொன்னதே இல்ல. சாப்பாடு தூக்கம் போயிட்டா, அந்தக் குரல் "நீயும் வந்துடு"ன்னு கூப்பிடுதுன்னா உடனே சொல்லுங்க, 14416-னு அரசாங்கத்தோட மனநல உதவி, டெலி மானஸ் நம்பர் இருக்கு, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

"அப்பப்போ ரப்பர் எரியுற நாத்தம் வருது, வேற யாருக்கும் வரல."

ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷம், அதே நாத்தம், வயித்துலேர்ந்து ஏதோ மேல ஏறுற மாதிரி, கொஞ்சம் பேச்சு நின்னு முழிக்கிறதுன்னா மூளையோட பக்கவாட்டுப் பகுதியில கிளம்புற டெம்போரல் லோப் வலிப்பா இருக்கலாம், மூளையோட மின்சாரத்தைப் பதிவு பண்ற ஈஈஜி எடுப்பாங்க. கண்ணு முன்னாடி பளபளன்னு கோணல் கோடு இருபது நிமிஷம் ஓடி பின்னாடியே தலைவலி வந்தா ஒத்தைத் தலைவலி.

"தங்கச்சிக்குப் பிரசவமாகி எட்டு நாள், தூங்கவே இல்ல, குழந்தையைப் பாத்து 'இது என் பிள்ளை இல்ல'ங்கிறா."

இன்னிக்கே ஆஸ்பத்திரி. பிரசவத்துக்கு அப்புறம் வர்ற சைக்கோசிஸ், அதாவது நெஜம் எது இல்லாதது எதுன்னு புரியாமப் போற மனநோய், ஆயிரம் பிரசவத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு வரும், பெரும்பாலும் முதல் ரெண்டு வாரத்துல. நல்லா குணமாகும், ஆனா அதுவரைக்கும் அம்மாவையும் குழந்தையையும் தனியா விடக்கூடாது, ஒரு ராத்திரி கூட.

"இளவயசுன்னா மனநோய்தான்னு ரெண்டாவது பதில்ல சொல்றீங்க, என் பொண்ணுக்கு 21, பத்து நாள்ல எல்லாம் ஆரம்பிச்சுது, மனநோய்தானே?"

இருக்கலாம், ஆனா அங்கேயும் ஒரு விதிவிலக்கு இருக்கு. 2007-ல ஜோசப் டல்மாவும் அவர் கூட வேலை பாத்தவங்களும் கண்டுபிடிச்சுச் சொன்ன என்எம்டிஏ என்செஃபலைடிஸ். உடம்போட எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்குற நோய், இளம் பொண்ணுங்களுக்கு அதிகம், சிலருக்கு சினைப்பையில ஒரு கட்டி அதைக் கிளப்பி விட்டிருக்கும். முதல் வாரம் அச்சு அசல் மனநோய் மாதிரியே இருக்கும், அப்புறம் வலிப்பு, வாயைக் கோணிக் கோணி அசைக்கிறது, பேச்சு குறையறது, உடம்பு விறைக்கிறதுன்னு போகும். முதுகுத்தண்டு நீர் எடுத்து டெஸ்ட் பண்ணுவாங்க. சீக்கிரம் கண்டுபிடிச்சா நெறைய பேர் தேறி வந்துடுறாங்க, அதனால வேகமா வந்துச்சு, கூடவே ஜுரமோ வலிப்போ இருக்குன்னா நரம்பு டாக்டரையும் கேளுங்க.

"யாரோ நிக்கிறாங்கன்னு சொல்றப்ப நான் ஆமான்னு சொல்லவா, இல்லன்னு சொல்லவா?"

ரெண்டும் வேணாம். "எனக்குத் தெரியலப்பா, உங்களுக்குத் தெரியுதுன்னு புரியுது, நான் பக்கத்துலயே இருக்கேன்" போதும். எறும்பு கதையில நான் முதல் பத்து நிமிஷம் அம்மாகிட்ட வாதாடினேன், தட்டைத் தள்ளிவிட்டுட்டாங்க. என் மனைவி வந்து "வேற தட்டுல போடுறேன் அத்தே"ன்னு சொல்லி மாத்திக் குடுத்தா, நாலு வாய் சாப்பிட்டாங்க. மறுநாள் டாக்டர்கிட்ட போனோம், சளி மாத்திரையை நிறுத்தினாரு, மத்த ரெண்டையும் குறைச்சு மாத்தி எழுதினாரு, மூணு நாள்ல எறும்பு போயிடுச்சு.

"டாக்டர்கிட்ட போறப்ப என்ன கொண்டு போகணும்?"

மாத்திரைப் பையை, முழுசா. இப்போ போடுறது, பாதியில விட்டது, கண் சொட்டு மருந்து, இருமல் சிரப்பு, சித்தா சூரணம், பக்கத்து வீட்டு அக்கா குடுத்த தூக்க மாத்திரை வரைக்கும். எது என்னிக்கு ஆரம்பிச்சுது, தொந்தரவு என்னிக்கு ஆரம்பிச்சுது, இந்த ரெண்டு தேதியையும் பக்கத்துல பக்கத்துல ஒரு தாள்ல எழுதிக்கோங்க. ராத்திரி நடக்கிறதைப் போன்ல ஒரு நிமிஷம் வீடியோ எடுத்துக்கோங்க, ஏன்னா காலையில டாக்டர் முன்னாடி தெளிவா பேசிடுவாரு.

போன மாசம் ஒரு அம்மா மஞ்சப்பையைக் கவுன்டர்ல கொட்டினாங்க, 14 அட்டை. அதுல மூணு வேற வேற கம்பெனி பேருல இருந்தாலும் மூணும் அல்பிரசோலம். "இது தூக்கத்துக்கு, இது படபடப்புக்கு, இது கை நடுக்கத்துக்கு"ன்னு அட்டை அட்டையா எடுத்து எனக்கே விளக்கினாங்க.